குமுதா வெற்றிகரமாக இடம்பெயர்க்கப்பட்டார்

கிள்ளானை அடுத்த மேருவில் தன் வீட்டுச் சமையலறையில் நின்று ரொட்டிக்குக் காயா என்கிற தேங்காய் ஜாம் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், குமுதா கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இடம்பெயர்க்கப்பட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் நடப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் சிறப்பே என்று பின்னால் விளக்கினார்கள்.

தகவல் அவருடைய கணவர் வேலாயுதத்தின் கைப்பேசிக்கு வந்தது. வேலாயுதம் லோரி ஓட்டுநர். மேரு தொழிற்பேட்டையின் ஐஸ் ஆலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தையின் மீன்கடைகளுக்கு ஐஸ் கொண்டுபோகிறவர். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ‘தங்கள் மெய்நிகர் இயந்திரம் குமுதா வெற்றிகரமாக இடம்பெயர்க்கப்பட்டது. தடங்கல் நேரம்: பூஜ்யம். எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றி.’

“ஒன்னைப் பத்தித்தான் வந்திருக்கு. ஒன்னை இடம் மாத்திட்டாங்களாம்.”

“நான் இங்கதானே நிக்கிறேன்.”

“வெற்றிகரமாவாம்.”

“அப்ப சரி லா. ரொட்டி ரெண்டு போதுமா?”

குமுதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் பொற்கதிர் சிறுநீரக அறவாரியத்தின் கிள்ளான் மையத்துக்குப் போய், நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்துகிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இருவரும் வழக்கம்போலக் கிள்ளானுக்குப் போனார்கள். மையத்தில் விளக்கில்லை. தாதி ஆயிஷா வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், இன்னைக்கு இந்த செண்டரை ஆஃப் பண்ணிட்டாங்க. ஆன்டி இப்ப பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்காங்க.”

“ஆன்டி லோரியில உக்காந்திருக்காம்மா.”

“எனக்குத் தெரியுது அங்கிள். சிஸ்டத்துல அங்கதான் காட்டுது.”

இந்த இடத்தில் பொற்கதிர் அறவாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் தலைவர், டத்தோ என்ற அரசப் பட்டம் பெற்ற ஞானசம்பந்தம், கல்யாணங்களுக்கு நாற்காலியும் கூடாரமும் வாடகைக்கு விட்டுப் பெரிய ஆளானவர். வாழ்நாள் முழுக்க நாற்காலி எண்ணியவர் என்பதால் காலி நாற்காலியைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். ஒருமுறை கோலாலம்பூரில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் மேகக் கணிமை மாநாட்டுக்கு அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அங்கேதான் அவருக்கு ஞானம் பிறந்தது.

அவர் அங்கே கேட்டது உண்மையில் நல்ல விஷயம்தான். ஒரு பெரிய கணினிக்குள் பல சின்னக் கணினிகள் இருப்பதாகப் பாவனை செய்ய முடியும். அந்தப் பாவனைக் கணினிக்குத்தான் மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். பெரிய கணினிகளில் ஒன்றிரண்டு ஏறக்குறையக் காலியாகக் கிடந்தால், அதில் இருப்பதை ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கி இன்னொன்றில் போட்டுவிட்டு, காலியானதை அணைத்துவிடலாம். மின்சாரம் மிச்சம், இடம் மிச்சம். கணினிக்கு வலிக்காது, அதற்கு வீடு இல்லை, அது ஃபெடரல் ஹைவேயில் ஜேமில் நிற்பதும் இல்லை. டத்தோ உடனே அதற்கான நிரலை வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள யுகேந்திரன் என்ற இளைஞனை ‘மேக வளத்திறன் அதிகாரி’ என்ற பதவியில் நியமித்தார்.

அறவாரியத்திடம் ஏழு மெய்நிகர் இயந்திரங்கள் இருந்தன. கணக்குக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று, டத்தோவின் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் வாழ்த்து அனுப்ப ஒன்று, இப்படி. யுகேந்திரன் ஏழையும் ஒரே கணினியில் அடைத்து மற்றவற்றை அணைத்தான். மின்கட்டணம் பாதியாகக் குறைந்தது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாங்கிய நிரல் இருநூறு இயந்திரங்கள் வரை ஏற்கும். அதில் ஏழுதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் டத்தோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருநூறு நாற்காலி போட்ட கல்யாணத்துக்கு ஏழு பேர் வந்தால் எப்படி இருக்கும். வளத்தை மிச்சப்படுத்த வாங்கிய நிரலே வீணாகக் கிடக்கிறதே என்று அவசரக் கூட்டம் கூட்டினார். நம்மிடம் வேறு என்ன இருநூறு இருக்கிறது என்று கேட்டார். நோயாளிகள் இருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னார்.

நிரலில் இரண்டே வகைதான் இருந்தது. தாங்குகிற கணினி ஒன்று, அதில் ஏறுகிற இயந்திரம் ஒன்று. யுகேந்திரன் கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், செலாயாங் மூன்று மையங்களையும் தாங்குகிறவையாகப் பதிந்தான். நோயாளிகளை ஏறுகிறவர்களாகப் பதிந்தான். ஒவ்வோர் இயந்திரத்தின் அளவு என்ன என்று நிரல் கேட்டது. நோயாளிக்கு அளவென்றால் எடைதானே என்று எடையை எழுதினான். நிரல் ஏற்றுக்கொண்டது. நிரல் எதையும் ஏற்றுக்கொள்ளும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த தொடக்க விழாவில் டத்தோ பேசினார். வேலாயுதமும் குமுதாவும் பின்வரிசையில் இருந்தார்கள், சாப்பிட மீகூன் பொட்டலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“மேகத்துக்கு ஊர் உண்டா? கிள்ளான் மேகம், செலாயாங் மேகம்னு இருக்கா? எங்க தேவையோ அங்க போய்ப் பெய்யுது. நம்ம நோயாளிகளும் அப்படி ஆகணும். இன்னொண்ணு சொல்றேன், தப்பா நெனைக்கக்கூடாது. நம்ம நாற்காலிகள்ல சென்சர் வச்சுப் பார்த்தோம். நோயாளி நாலு மணி நேரம் அசையறதே இல்ல. சும்மா படுத்திருக்காங்க. சும்மா இருக்கிறவங்களுக்கு எதுக்கு ஆளுக்கொரு நாற்காலி? நோய்னா என்ன? ஒரு பாரம். அதை யார் தலையில எறக்கி வைக்கிறதுங்கிறதுதான் நிர்வாகம்.”

கூட்டம் கைதட்டியது. குமுதாவும் தட்டினார். ஊசி குத்திய கை என்பதால் மெதுவாகத் தட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் எந்த மையத்தை அணைப்பது என்று நிரல் தீர்மானித்தது. கிள்ளானில் ஆள் குறைந்தால் எல்லாரையும் பிரிக்ஃபீல்ட்ஸில் அடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் நிரம்பி வழிந்தால் நான்கு மணி நேரச் சுத்திகரிப்பு இரண்டரையாகக் குறைந்தது, சராசரியில் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதற்கும் மேல் நிரம்பினால் ஒரு சிலரைத் தூக்கிச் செலாயாங்கில் போட்டது. அந்த ஒரு சிலரில் குமுதா தவறாமல் இருந்தார். ஒருநாள் ஹைவேயில் ஊர்ந்து ஊர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வாசலை அடைந்தபோது, அவர் செலாயாங்குக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. செலாயாங் போய்ச் சேர்ந்தபோது அந்த மையத்தை அணைத்து, அவரைக் கிள்ளானில் சேர்த்திருந்தார்கள். அன்றைக்குக் குமுதாவுக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. லோரியில் இருந்த ஐஸ் பாதி தண்ணீராகிச் சாலையில் ஒழுகிவிட்டது. கைப்பேசியில் மட்டும் தடங்கல் நேரம் பூஜ்யம் என்று இருந்தது.

வேலாயுதம் தலைமையகத்துக்குப் போய் யுகேந்திரனைப் பார்த்தார். அவன் கெட்டவன் இல்லை. எழுந்து நாற்காலி போட்டான், குளிர்ந்த நீர் கொடுத்தான்.

“எப்பப் பார்த்தாலும் ஏன் தம்பி என் சம்சாரத்தையே தூக்குறீங்க?”

“ஆன்டிதான் அங்கிள் எல்லாரையும்விட லைட்டு. நாப்பத்தோரு கிலோ. சின்ன மெசின்தான் சீக்கிரம் நகரும். பெருசைத் தூக்குனா நெட்வொர்க்குக்குக் கஷ்டம்.”

“நெட்வொர்க்கா தூக்குது? என் லோரியில்ல தம்பி தூக்குது.”

“அது சிஸ்டத்துக்குத் தெரியாது அங்கிள்.”

“நீங்க சொல்லலாமே.”

“அதுக்கு உள்ள எடம் இல்ல அங்கிள். நானும் தேடிப் பார்த்துட்டேன்.” அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். வேலாயுதம் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

அலைய அலையக் குமுதா இளைத்தார். இளைக்க இளைக்கத் தூக்குவது எளிதாயிற்று. நாற்பத்தொன்று முப்பத்தொன்பதானது. மனுசியை இப்படிப் பந்தாடுகிறார்களே என்று வேலாயுதத்துக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஆயிஷாவைத் திட்டினால் அவள் அழுதாள், யுகேந்திரனைத் திட்டினால் அவன் தண்ணீர் கொடுத்தான்.

வழி கண்டுபிடித்தவர் குமுதாதான்.

“ஏங்க, லோரி சக்கரத்து நட்டு பழசு கெடக்குதில்ல, அதுல கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

“எதுக்கு?”

“நான் கனமாகப் போறேன்.”

டயாலிசிஸுக்கு வருகிறவரை முதலில் தராசில் நிறுத்துவார்கள். மருத்துவர் குறித்துவைத்த எடைக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர் என்று கணக்கு. அந்த நீரை இயந்திரம் இழுத்து வெளியே விடும். இல்லாத நீரை இழுக்கச் சொன்னால் ஆள் மயங்கி விழுவார், சில சமயம் எழவே மாட்டார். இது குமுதாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் ஆயிஷாவிடம் மறைக்கவில்லை. துணிப்பையில் தைத்து இடுப்பில் கட்டியிருந்த இரும்பைத் தொட்டுக் காட்டினார். ஆயிஷா அந்தப் பையைக் கையால் தூக்கி எடை பார்த்தாள். பிறகு தராசு காட்டிய எடையைக் கணினிக்குப் போகவிட்டாள். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு மட்டும் இரும்பைக் கழித்து எண்ணைத் தன் கையால் திருத்தினாள்.

குமுதா ஒரே வாரத்தில் மூன்று கிலோ கூடினார். நிரல் அவரை விட்டுவிட்டு வள்ளியம்மாவைத் தூக்கியது. வள்ளியம்மா காப்பார் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிற கிழவி, எதையும் நேரே கேட்டுவிடுகிறவர். இரண்டு வாரம் செலாயாங்குக்கும் கிள்ளானுக்குமாக அலைந்துவிட்டுத் திரும்பி வந்து, குமுதாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இடுப்புல என்னடி கணகணங்குது?”

குமுதா சொன்னார். தன் பாரத்தை இந்தக் கிழவி தலையில் ஏற்றிவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. வள்ளியம்மா அழவில்லை. மறுமுறை இஞ்சி இடிக்கிற இரும்புக் குழவியைப் புடவைக்குள் முடிந்துகொண்டு வந்தார். அடுத்து எடை குறைந்தவர் யாரோ, அவர் தன் மகனுடைய டம்பெல்ஸைக் கொண்டுவந்தார். பிறகு எல்லாரும் கொண்டுவந்தார்கள். மாவு அரைக்கிற கல், தராசுப் படிக்கல், ஒருவர் பழைய மோட்டார்சைக்கிள் சங்கிலி. கிள்ளான் மையத்துக்கு வருகிறவர்கள் வாசல் படியில் ஏறவே மூச்சு வாங்கினார்கள். தராசு ஒருமுறை உடைந்தது, புதிது வாங்கினார்கள். ஆயிஷா ஒவ்வொருவருக்கும் அவரவர் இரும்பை மனத்தில் வைத்துக் கழித்துக் கழித்துத் திருத்தினாள். கிள்ளான் ஆட்கள் யாரையும் நகர்த்தும் தெம்பு நிரலுக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஒரு மாதம் எல்லாருக்கும் முழு நான்கு மணி நேரம் கிடைத்தது. குமுதா நாற்காலியில் தூங்கினார், குறட்டைகூட விட்டார் என்று வள்ளியம்மா கேலி செய்தார்.

கிள்ளான் நோயாளிகள் எடை போட்டிருக்கிறார்கள் என்று வரைபடம் காட்டியதும் டத்தோ புகைப்படக்காரரோடு வந்து இறங்கினார்.

“மேகத்துக்கு வந்தப்புறம் எல்லாரும் சதை போட்டிருக்காங்க பாருங்க. டாக்டருங்க மருந்து குடுத்துச் செய்ய முடியாததை நாம வெறும் நிர்வாகத்தால செஞ்சிருக்கோம். மருத்துவம்ங்கிறது பாதி நம்பிக்கை, பாதி டேஷ்போர்டு.”

வள்ளியம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தித் தோளில் தட்டினார். உள்ளே ஏதோ இடித்துச் சத்தம் கேட்டது.

“கொலுசாம்மா?”

“ஆமா டத்தோ. தோள்ல போட்டிருக்கேன்.”

டத்தோ சிரித்தபடி அடுத்தவரிடம் போனார். அவர் காதில் எதுவும் நின்று தங்குவதில்லை.

ஆனால் நிரல் கவனித்தது. கிள்ளானில் ஒரு தாதி தினமும் எண்களைக் கையால் மாற்றுகிறார் என்று அது புகார் அனுப்பியது. செயற்குழு கூடி, மனிதத் தலையீடுதான் திறமையின்மைக்குக் காரணம் என்று தீர்மானம் போட்டது. தராசை நேரடியாக டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஆயிஷாவையும் ஓர் இயந்திரமாகப் பதிந்தார்கள். இரும்பு கட்டாத ஆள் அவள் ஒருத்திதான், ஆகவே கிள்ளானிலேயே எடை குறைந்தவள். நிரல் அன்றே அவளைத் தூக்கிச் செலாயாங்கில் போட்டது. கிள்ளானில் ஊசி குத்த ஓர் உதவியாளரும், சுவரில் ஒரு திரையும் மிஞ்சின. திரைக்குள் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தாதி மூன்று மையங்களையும் பார்த்துக்கொள்வார்.

இது எதுவும் தெரியாமல்தான் அன்று வேலாயுதம் குமுதாவைக் கிள்ளானில் இறக்கிவிட்டுச் செலாயாங் போனார். ஐஸை இறக்கிவிட்டு, சூடாக ஒரு தே குடிக்கலாம் என்று சாலையைக் கடந்தபோது, அந்த ஊர் மையத்தின் வாசலில் ஆயிஷா நிற்பதைப் பார்த்தார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“என்னம்மா, இங்க?”

ஆயிஷாவின் முகம் மாறிவிட்டது. “அங்கிள், இன்னைக்கு ஆன்டிக்கு டேர்ன் இருக்கா?”

“இப்பத்தான் விட்டுட்டு வர்றேன்.”

“இரும்பு கட்டியிருக்காங்களா?”

அவர் ஆமென்று தலையாட்டினார்.

“எடுக்கச் சொல்லுங்க அங்கிள். நான் அங்க இல்ல. காலையிலேருந்து செண்டருக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன், எல்லா லைனும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகுது. அங்க புகார் டிக்கெட் போடச் சொல்றாங்க.”

குமுதா நாற்காலியில் இருக்கும்போது கைப்பேசி பைக்குள் கிடக்கும். மணி அடித்து அடித்து நின்றது. வேலாயுதம் லோரியைத் திருப்பினார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்காத மனுசன், அன்று கிள்ளான் வரை அடித்துக்கொண்டே போனார். ஜேம் ஜேமாகத்தான் இருந்தது.

அவர் போனபோது குமுதாவின் நாற்காலி காலி. வள்ளியம்மா தன் கையிலிருந்த ஊசியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி எழுந்துவிட்டிருந்தார்கள். நடந்ததை வள்ளியம்மாதான் சொன்னார்.

“தராசுல ஏறுன பெறகுதான் அந்தப் பொண்ணு இல்லைன்னு தெரிஞ்சுது தம்பி. ஒன் பொண்டாட்டி ஒளிக்கல. இடுப்புல இரும்பிருக்கும்மா, அவ்வளவு தண்ணி எடுக்காதேன்னு அந்த டிவிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னா. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? எறங்கி மறுபடியும் ஏறுங்க, ஆனா எடை கொறஞ்சா சிஸ்டம் ஒடனே ஒங்களைச் செலாயாங்குக்கு மாத்திடும், பரவாயில்லையான்னு கேட்டுச்சு. நீ லோரிய எடுத்துக்கிட்டுப் போயிட்ட. அவ எப்படிப் போவா? சரி, மெதுவா எடுங்கன்னா. மெதுவாங்கிறதுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்னுச்சு. கொஞ்ச நேரத்துல கொட்டாவி விட்டா. அப்புறம் கூப்பிட்டேன், பேசல.”

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோயிருந்தது. மருத்துவமனையில் முடிந்ததைச் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் குமுதா போய்விட்டார். அவருடைய வளையலையும் செருப்பையும் இரும்பு முடிந்த துணிப்பையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வேலாயுதத்திடம் கொடுத்தார்கள். அந்த நட்டுகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தது தன் கைதான் என்பதைத் தவிர அவருக்கு எதுவும் நினைவில் ஓடவில்லை. வாய்விட்டு அழுதார். பக்கத்திலிருந்த ஒரு மலாய்க்கார அம்மா எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மெதுவாக எடுக்கச் சொல்லிக் குமுதாவுக்காகப் போட்ட புகாருக்கு மறுநாள் பதில் வந்தது. பிரச்சினை இப்போது இல்லாததால் டிக்கெட் மூடப்படுகிறது என்று இருந்தது.

கருமக்கிரியை முடிந்த மறுநாள், குமுதா பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இடம்பெயர்ந்ததாகக் கைப்பேசி சொன்னது. மதியம் செலாயாங்குக்குப் போனார். சாயங்காலம் கிள்ளானுக்குத் திரும்பினார். அடுத்த நாளும் அப்படியே. உயிரோடிருந்தபோதுகூட அவரை இப்படிப் போட்டுப் புரட்டவில்லை. வேலாயுதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைமையகத்துக்குப் போனார். இந்தத் தடவை தண்ணீரை வாங்கவில்லை.

“செத்தவளைக்கூட விட மாட்டீங்களா?”

யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். “தராசுல ஏறலைன்னா எடை பூஜ்யம்னு எடுத்துக்குது அங்கிள். பூஜ்யம்தான் எல்லாத்தையும்விட லைட்டு. அதனால ஒவ்வொரு தடவையும் ஆன்டியைத்தான் தூக்குது.”

“பேரை எடுத்துடு.”

“எடுத்தா நம்ம பயன்பாட்டு விகிதம் கொறையும். டத்தோ கையெழுத்து வேணும். டத்தோகிட்ட ஆன்டி எறந்துட்டாங்கன்னு சொல்லணும், அதுக்கு ரிப்போர்ட்ல ஒரு கட்டம் இல்ல.” கொஞ்சம் தயங்கினான். “நீங்க எழுதிக் குடுத்தா நான் டத்தோகிட்ட எடுத்துட்டுப் போறேன் அங்கிள். என் வேலை போனாலும் பரவாயில்ல.”

எழுதிக் கொடுக்கத்தான் வேலாயுதம் வந்திருந்தார். மாடிப்படி இறங்கிப் பேனா வாங்கப் போனபோது, கீழே ‘மாமாக்’ டீக்கடையில் ஆயிஷாவும் வள்ளியம்மாவும் அவருக்காகக் காத்திருந்தார்கள். வள்ளியம்மாவின் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. புடவைக்குள் குழவி இல்லை.

ஆயிஷாதான் பேசினாள். பேசும்போது அவரைப் பார்க்கவில்லை.

“அங்கிள், கேக்கக்கூடாது, ஆனா கேக்கறேன். ஆன்டி பேரை எடுக்காதீங்க. ஆன்டி போனதிலேருந்து சிஸ்டம் வேற யாரையும் தொடல. ஆன்டியைத் தூக்கி அங்க போடுது, இங்க போடுது, அதுவே போதுங்குது. என்னையும் திரும்பக் கிள்ளான்லயே விட்டுடுச்சு. எல்லாரும் நாலு மணி நேரம் முழுசாப் படுத்திருக்காங்க. யாரும் இரும்பு கட்டுறதில்ல. ஆன்டி பேரை எடுத்துட்டா அடுத்து லைட்டு இவங்கதான்.”

வள்ளியம்மா மேசையைப் பார்த்தபடி, “நான் கெழவி. என்னை விடு. எனக்குப் பின்னால ஆளுங்க இருக்காங்க” என்றார்.

வேலாயுதத்துக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கிள்ளானில் நாற்பது பேர் நிம்மதியாக மூச்சு விடுவதற்கு, ஒருத்தி செத்தும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் குமுதாவிடம் கேட்டிருந்தால் சரி லா என்றுதான் சொல்லியிருப்பார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பேனா வாங்காமல் வீட்டுக்குப் போனார்.

அறவாரியத்தின் ஆண்டு விருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்தது. டத்தோவின் நாற்காலிகளே போடப்பட்டிருந்தன, ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஒரு நிமிடத் தடங்கலும் இல்லாமல் அதிக முறை இடம்பெயர்ந்தவர் என்று நிரல் ஒரு பெயரைக் கொடுத்திருந்தது. அந்தப் பெயருக்குக் கேடயம் என்று அறிவித்தார்கள். வேலாயுதம் மேடைக்குப் போனார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்கள், விசாரித்தால் பெயர் போய்விடும்.

“சம்சாரம் வரலியா அண்ணே?” டத்தோ ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

பின்வரிசை மேசையில் கிள்ளான் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

“வரல டத்தோ. இன்னைக்கு மட்டும் நாலு தடவ மாத்திட்டீங்க.”

மண்டபம் சிரித்தது. டத்தோவும் சிரித்தார். “கஷ்டமா இருக்குன்னு ஏதாவது சொல்றாங்களா? ஒளிக்காமச் சொல்லணும்.”

“முன்ன சொல்லுவா. இப்ப எங்க தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் சொல்றதில்ல.”

“தண்ணி, சாப்பாடு எல்லாம் கட்டுப்பாடா இருக்காங்களா?”

“தொடறதே இல்ல டத்தோ.”

டத்தோ நெகிழ்ந்துபோனார். கேடயத்தை வேலாயுதத்தின் கையில் கொடுத்துவிட்டு, அவர் தோளில் கைபோட்டபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“கேட்டீங்களா? நாற்காலி கேக்கறதில்ல, நேரம் கேக்கறதில்ல, ஒரு புகார் இல்ல. நம்ம நோயாளிகள் எல்லாருமே குமுதா அம்மா மாதிரி ஆகணும். அடுத்த வருஷத்துக்கு அதுதான் நம்ம இலக்கு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யுகேந்திரன் ஒரு கணம் வேலாயுதத்தைப் பார்த்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்து இலக்கைப் பதிவு செய்தான்.